பிழைத்த குழந்தைகளின் கணக்கு

“உங்களுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்கள்?” உலகம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று காட்டும் வரைபடங்களில் நம்பத் தகுந்தவற்றுக்கு இந்த இரண்டு கேள்விகள்தான் அடிப்படை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் சில ஆண்டுகள் நைரோபியில், கிழக்காப்பிரிக்கப் புள்ளியியல் துறையில் வேலை பார்த்தவர் வில்லியம் பிராஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவர் எண்ண வந்த மக்களின் பிறப்பும் இறப்பும் எந்தப் பதிவேட்டிலும் ஏறியதில்லை. பிள்ளை பிறந்த தேதி தாய்க்குத் தெரியாது, இறந்த தேதியும் தெரியாது. பலருக்குத் தம் வயதே குத்துமதிப்புதான். ஆனால் எத்தனை பெற்றோம், எத்தனை பறிகொடுத்தோம் என்பது பெரும்பாலும் நினைவில் இருக்கும்.

பிராஸ் கண்டுபிடித்த வழி இதுதான். தாய்மாரை ஐந்தைந்து வயதாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 20 முதல் 24 வயது வரையுள்ள தாய்மாரின் பிள்ளைகள் பிறந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருக்கும். ஆகவே அந்தப் பிள்ளைகளில் இறந்தவர்களின் பங்கு, ஒரு குழந்தை இரண்டு வயதுக்குள் இறக்கும் வாய்ப்புக்கு ஏறக்குறையச் சமம். 30 முதல் 34 வயதுத் தாய்மாரிடம் கிடைக்கும் பங்கு, ஐந்து வயதுக்குள் இறக்கும் வாய்ப்பைச் சொல்லிவிடும். பிள்ளைப்பேறு எந்த வயதில் தொடங்குகிறது என்பதற்கேற்ப ஒரு சிறு திருத்தம் செய்தால் போதும். தேதியே தெரியாத ஊரில், தேதியைக் கேட்காமலே குழந்தை மரண விகிதத்தைப் பெற்றுவிட்டார். 1960களில் முழுமை பெற்ற இந்த முறையும் அதன் வழித்தோன்றல்களும் இல்லையென்றால், ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியும் ஆசியாவின் கணிசமான பகுதியும் இன்றைய வரைபடங்களில் வெற்றுத்தாளாக இருந்திருக்கும்.

அந்தக் கேள்விகள் தந்த விடை மனித வரலாற்றிலேயே பெரிய நற்செய்தி. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிறந்த குழந்தைகளில் பத்துக்கு நாலு ஐந்து வயதைக் காணவில்லை என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. 1990-இல் ஆயிரத்துக்கு 93 என்றிருந்த அந்த மரண விகிதம் 2022-இல் 37 ஆக இறங்கியது. 1990-இல் ஒன்றேகால் கோடிக்கும் அதிகமான குழந்தைகள் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள். 2022-இல் முதன்முறையாக அந்த எண்ணிக்கை 50 லட்சத்துக்குக் கீழே, 49 லட்சத்துக்கு வந்தது. பல நாடுகளில், பல அமைப்புகள், பல முறைகளில் தனித்தனியாகக் கேட்டும் விடை ஒரே திசையில் வருகிறது. இந்தக் கீழிறக்கத்தை மறுப்பவரோடு வாதிட எனக்குப் பொறுமை இல்லை.

மற்ற எண்களைப் பற்றி இப்படி அடித்துச் சொல்ல முடியவில்லை. சராசரி ஆயுள், மகப்பேறு மரணம், நோய்வாரியான சாவு, வறுமை, மின்சாரம், கழிப்பறை எல்லாவற்றுக்கும் வரைபடங்கள் உண்டு. எல்லாவற்றிலும் கோடுகள் ஒரே தடிமனில்தான் இருக்கின்றன. அவற்றில் எது எண்ணி எழுதியது, எது கணிதத்தால் நிரப்பியது என்று கோடு சொல்லாது. உலகில் பத்து மரணங்களில் நான்கு எங்கும் பதிவாவதில்லை என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது; ஆப்பிரிக்க வட்டாரத்தில் பத்தில் ஒன்றுதான் பதிவாகிறது. சாவு எங்கே மலிந்திருக்கிறதோ அங்கே கணக்கு மெலிந்திருக்கிறது. உலக முன்னேற்றம் பற்றிய எந்தத் தரவையும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கவேண்டும் என்பதே என் வாதம்.

மரணத்தை எண்ணும் பழக்கம் பழையது. லண்டன் துணி வியாபாரி ஜான் கிரான்ட் நகரத்தின் மரணப் பட்டியல்களை ஆராய்ந்து 1662-இல் நூல் வெளியிட்டார். சுவீடன் 1749 முதல் நாடு முழுவதற்கும் தொடர்ச்சியாகக் கணக்கு வைத்திருக்கிறது. இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867-இல் தொடங்கியது. இந்தியாவில் நாடு முழுவதற்கும் பொதுவான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல்தான் வந்தது. சட்டம் வந்ததும் பதிவு வந்துவிடவில்லை. தமிழ்நாடு, கேரளம் போன்ற சில மாநிலங்களே முழுமையை நெருங்கின.

பதிவு இல்லாத இடத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்பது ஒன்றே வழி. 1970களில் உலகக் கருவள ஆய்வும், 1984 முதல் அமெரிக்க அரசின் பணத்தில் டி.எச்.எஸ். என்ற மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளும் இந்த வேலையைச் செய்தன. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் நானூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகள். 1992-93-இல் தொடங்கிய நம் தேசியக் குடும்ப நல ஆய்வும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. இந்த ஆய்வுகளின் குறைகளை வெளியில் இருப்பவர்களைவிட அவற்றை நடத்தியவர்களே நன்றாக அறிவார்கள். ஓர் உதாரணம்: கடந்த ஐந்தாண்டுகளில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தடுப்பூசி, வயிற்றுப்போக்கு, தாய்ப்பால் என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள் கேட்க வேண்டும். வெயிலில் அலைந்து களைத்த கணக்கெடுப்பாளர் என்ன செய்கிறார்? நாலரை வயதுப் பிள்ளையை ஐந்தரை வயதாக எழுதிவிடுகிறார். அரைமணி நேரம் மிச்சம். வயதுவாரிப் பட்டியலில் சரியாக அந்த எல்லையில் ஒரு பள்ளமும் அதற்கடுத்து ஒரு மேடும் விழுந்திருப்பதைப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அதே போல, எப்போது இறந்தது என்று கேட்டால் பதில்கள் ‘ஒரு வயதில்’ என்ற இடத்தில் குவியும். பதினோராவது மாதமா பதின்மூன்றாவது மாதமா என்பதைப் பொறுத்து, ஒரு வயதுக்குள் நேரும் இறப்புகளைச் சொல்லும் சேய் மரண விகிதமே மாறும்.

இன்னொரு குறை இதைவிடக் கொடியது. தாயைக் கேட்டால்தான் பிள்ளையின் கதை தெரியும், தாயே இல்லையென்றால்? எச்.ஐ.வி. பரவிய ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் தாயும் இறந்தாள், அவளிடமிருந்து தொற்றிய பிள்ளையும் இறந்தது. ஆய்வுக்குப் போனவர்கள் சந்தித்ததெல்லாம் பிழைத்த தாய்மாரை. அதனால் கிருமி உச்சத்தில் இருந்தபோது குழந்தை மரணம் உண்மையைவிடக் குறைவாகத் தெரிந்தது. ஐ.நா. மதிப்பீட்டுக் குழு இதற்கென்று தனித் திருத்தம் செய்கிறது.

இந்தியா கண்ட வழி வேறு. 1949-இல் சி. சந்திரசேகரனும், பிற்காலத்தில் ஜப்பானியத் தொழிற்சாலைகளின் தரத்துக்காகப் புகழ்பெற்ற எட்வர்ட்ஸ் டெமிங்கும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கல்கத்தாவுக்கு அருகில் சிங்கூரில் செய்த சோதனை அதன் அடிப்படை. ஒரே ஊரின் மரணங்களை ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பேர் எண்ணட்டும். ஒருவர் 100 மரணங்களைக் குறித்தார், மற்றவர் 90. இரண்டு பட்டியலிலும் இருப்பவை 80 என்றால், முதலாமவர் மட்டும் பிடித்தவை 20, இரண்டாமவர் மட்டும் பிடித்தவை 10. இருபதைப் பத்தால் பெருக்கி எண்பதால் வகுத்தால் இரண்டரை. இருவர் கண்ணிலும் படாமல் போன மரணங்களின் மதிப்பீடு அது. எண்ணப்படாததையும் எண்ண ஒரு சூத்திரம்! ‘எஸ்.ஆர்.எஸ்.’ எனப்படும் மாதிரிப் பதிவு முறை இந்தச் சிந்தனையில் 1960களின் இறுதியில் உருவானது. உள்ளூர்க்காரர் ஒருவர் ஆண்டு முழுவதும் பிறப்பு, இறப்பைக் குறித்துவருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்து புதிதாகக் கேட்பார். இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றுக்காக மீண்டும் அந்த வீட்டுக்கே போவார்கள். எட்டாயிரத்துக்கும் அதிகமான இடங்களில் இப்படி நடக்கிறது. 2020-இல் நாட்டின் சேய் மரண விகிதம் ஆயிரத்துக்கு 28, கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43 என்றெல்லாம் நாம் சொல்வது இந்த ஏற்பாட்டின் பலத்தில்தான்.

இறந்தவர்களின் எண்ணிக்கை கிடைத்தாலும், எதனால் இறந்தார்கள் என்பது தெரிய வேண்டுமே. இந்தியாவில் பெரும்பாலான மரணங்கள் வீட்டில், மருத்துவர் பார்க்காமல் நடந்துவந்தன. டொரண்டோவில் இருக்கும் பிரபாத் ஜா, இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தோடு சேர்ந்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பத்து லட்சம் மரணங்கள் ஆய்வு’ என்ற ஒன்றைத் தொடங்கினார். எஸ்.ஆர்.எஸ். பட்டியலில் உள்ள மரணம் நடந்த வீட்டுக்குப் பணியாளர் போவார். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, மூச்சுத் திணறியதா, நெஞ்சு வலித்ததா என்று வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே கதையை எழுதிக்கொள்வார். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே அதைப் படித்துக் காரணம் தீர்மானிப்பார்கள். வாய்மொழி உடற்கூறாய்வு என்று இதற்குப் பெயர்.

அதில் வெளிவந்த எண்களில் பாம்புக்கடி மறக்க முடியாதது. 2005-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 45,900 பேர் பாம்பு கடித்து இறந்ததாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. அரசு மருத்துவமனைகள் கொடுத்த கணக்கைப் போல முப்பது மடங்குக்கும் மேல். மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டும் எண்ணினால் வயல் வரப்பிலும் வைத்தியர் வீட்டு வாசலிலும் இறந்தவர்கள் எப்படிக் கணக்கில் வருவார்கள்? 2017-இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதே ஆய்வு மலேரியாவால் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேல் இறக்கிறார்கள் என்று 2010-இல் சொன்னபோது கதை வேறு மாதிரி போயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு அப்போது சுமார் 15,000. பாம்பு கடித்ததை வீட்டார் பார்த்திருப்பார்கள். காய்ச்சல் மலேரியாவா டைபாய்டா என்பதை அவர்கள் சொல்லும் அடையாளங்களிலிருந்து பிரித்தறிவது கடினம் என்று அந்த நிறுவனம் மறுத்தது. மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் 15,000 என்ற எண்ணும் யாரும் வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்ததில்லை.

யாருமே போய்க் கேட்காத நாடுகளுக்கு எண் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் படிப்பவர்கள் ஏமாறுகிறார்கள். 2023-இல் உலகில் 2 லட்சத்து 60 ஆயிரம் பெண்கள் கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ இறந்ததாகவும், 2000-க்குப் பின் அந்த விகிதம் சுமார் 40 சதவீதம் குறைந்ததாகவும் ஐ.நா. அமைப்புகள் சொல்கின்றன. தரவு இல்லாத நாடுகளுக்கு இந்த எண்ணைத் தருவது ஒரு சமன்பாடு. அதில் உள்ளே போடுபவை மூன்று: தலா வருமானம், பெண்கள் பிள்ளை பெறும் வேகம், பயிற்சி பெற்றவர் பார்த்த பிரசவங்களின் பங்கு. வருமானம் உயர்ந்ததாகக் கணக்கு வந்தால் தாய்மார் சாவு குறைந்ததாகவும் கணக்கு வந்துவிடும். பிறகு ஒருவர் அந்த இரண்டு வரிசைகளையும் ஒரு வரைபடத்தில் போட்டு, ‘பொருளாதாரம் வளர்ந்தால் மகப்பேறு மரணம் குறைகிறது’ என்று கட்டுரை எழுதுகிறார். தானே உள்ளே வைத்ததைத் தானே வெளியே எடுத்து வியக்கும் வேலை இது. மதிப்பிடுபவர்கள் இதை மறைப்பதில்லை. எந்த நாட்டுக்கு எவ்வளவு உறுதியின்மை என்று எல்லைகளையும் சேர்த்தே வெளியிடுகிறார்கள். செய்தித்தாளுக்கு வருவதற்குள் எல்லைகள் உதிர்ந்து நடு எண் மட்டும் மிஞ்சுகிறது.

இந்தத் துறையின் பெரிய முயற்சி, கிறிஸ்டோபர் மரே, ஆலன் லோபஸ் இருவரும் உலக வங்கிக்காகத் தொடங்கிய உலக நோய்ச்சுமை ஆய்வு. 1993-இன் உலக வளர்ச்சி அறிக்கையில் அது முதலில் வந்தது. 2007-க்குப் பின் சியாட்டிலில் கேட்ஸ் அறக்கட்டளைப் பணத்தில் எழுந்த ஒரு நிறுவனம் அதை நடத்துகிறது. அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளையும் நோயோடு கழிந்த ஆண்டுகளையும் கூட்டி ஒரே அளவாக்குவது அதன் சாதனை. மன அழுத்தமும் முதுகுவலியும் உலக சுகாதாரப் பேச்சில் இடம்பெற்றதற்கு அதுவே பெரிய காரணம். முதல் பதிப்புகளில் இளம் வயதினரின் ஓர் ஆண்டு, குழந்தையின் ஓர் ஆண்டையோ கிழவரின் ஓர் ஆண்டையோ விடக் கூடுதல் மதிப்புடையதாக வைக்கப்பட்டிருந்தது. எதிர்ப்புக்குப் பின், 2012-இல் வெளியான பதிப்பில் அதை நீக்கினார்கள். கூட்டல் கழித்தல் போலத் தோன்றுவதற்குள் எவ்வளவு அறத் தீர்ப்பு ஒளிந்திருக்க முடியும் என்பதற்கு அது ஒரு பாடம். எல்லா நாட்டுக்கும் எல்லா நோய்க்கும் எல்லா ஆண்டுக்கும் எண் கொடுத்தே தீருவது என்ற அதன் பிடிவாதம்தான் எனக்கு ஒப்பவில்லை. வெற்றுக் கட்டம் வெற்றாகத் தெரிந்தால் அங்கே கணக்கெடுக்க ஆள் அனுப்பத் தோன்றும். நிரம்பிய கட்டத்தைப் பார்த்து யாருக்கும் அது தோன்றாது.

பணத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவை உண்மையான தரவை வைத்து முதலில் பிரித்துப் பார்த்தவர் மக்கள்தொகை ஆய்வாளர் சாமுவேல் பிரஸ்டன். 1975-இல் அவர் காட்டியது: 1930களிலிருந்து 1960கள் வரை உலகில் ஆயுள் கூடியதில் வருமான உயர்வின் பங்கு 10 முதல் 25 சதவீதம்தான். மற்றதெல்லாம் அதே வருமானத்தில் கூடுதல் ஆயுள். தடுப்பூசி, மருந்து, சுத்தமான நீர், அம்மை கண்டால் என்ன செய்வது என்ற அறிவு ஆகியவற்றின் பலன். பத்தாண்டு கழித்து ராக்பெல்லர் அறக்கட்டளை, குறைந்த செலவில் நல்ல உடல்நலம் கண்ட நான்கு இடங்களை ஆராய்ந்தது: சீனா, கோஸ்டா ரிகா, கேரளம், இலங்கை.

இலங்கையின் கணக்கை ஆராய்ச்சியாளர்கள் நம்பியதற்குக் காரணம், அதன் பழைய பதிவேடுகள். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் சுமார் 80,000 பேர் இறந்தது தெரியும். 1946-இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த இறப்பு விகிதம் 1947-இல் 14 ஆனதும் தெரியும். அந்த ஒரே ஆண்டில் நடந்த வீழ்ச்சிக்கு டி.டி.டி. தெளித்தது எவ்வளவு காரணம், அரிசிப் பங்கீடும் மருத்துவமனைகளும் எவ்வளவு காரணம் என்று பொருளியலாளர்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள். எண்கள் இருந்ததால்தான் சண்டை போடவாவது முடிந்தது. 1930களில் லட்சம் பிரசவங்களுக்கு 2,000-க்கும் மேல் இருந்த தாய்மார் மரணம், ஊர் ஊராகப் போன குடும்பநல உத்தியோகத்தர்களாலும் ஒவ்வொரு மரணத்தையும் விசாரித்த வழக்கத்தாலும் ஒரு தலைமுறைக்குள் பல மடங்கு இறங்கியது.

அதே இலங்கையின் பிற்கால எண்களை எடுத்தால் ஓர் அடிக்குறிப்பு எப்போதும் உடன் வரும். யாரும் அதைப் படிப்பதில்லை. உள்நாட்டுப் போரால் 1987, 1993, 2000 ஆண்டுகளின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகளில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. 2006-07 ஆய்வில் கிழக்கு வந்தது, வட மாகாணம் வரவில்லை. 1991-இல் எடுக்க வேண்டிய குடிமதிப்பு எடுக்கப்படவே இல்லை. 2001-இல் 25 மாவட்டங்களில் 18-இல்தான் முழுமையாக முடிந்தது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் இடப்பெயர்வில் பிறந்த குழந்தைகளும் மருந்துத் தடையில் இறந்தவர்களும் அந்தச் சராசரிக்குள் இல்லை. ஆயினும் உலக மாநாடுகளில் ‘இலங்கையின் வெற்றி’ என்று காட்டிய கோட்டில் எந்த முறிவும் தெரியவில்லை. வெற்றி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 2016 ஆய்வில் எல்லா மாவட்டங்களும் இடம்பெற்ற பின்னும் இலங்கை அண்டை நாடுகளைவிட நல்ல நிலையில்தான் இருந்தது. அந்த இருபது ஆண்டுகளுக்கு அது ஒரு பகுதி நாட்டின் கணக்கு, அவ்வளவே.

எண்ணுவதே மருந்தாக வேலை செய்த இடம் தமிழ்நாடு. இங்கே ஒரு தாய் இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் மேலே போக வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரில் தொடங்கி மாவட்ட ஆட்சியர் வரை விசாரணை நடக்கும். இறந்தவரின் உறவினரையும் அழைத்துக் கேட்பார்கள். வீட்டில் கிளம்பத் தாமதமா, வண்டி கிடைக்கத் தாமதமா, மருத்துவமனையில் ரத்தம் கிடைக்கத் தாமதமா? ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரப் பிரசவ வசதி, ரத்த வங்கி, ஆம்புலன்ஸ் ஏற்பாடுகள் பலவற்றின் அவசியத்தை இந்த விசாரணைகள்தான் காட்டிக்கொடுத்தன. 2001-03-இல் லட்சத்துக்கு 134 ஆக இருந்த மகப்பேறு மரணம் 2018-20-இல் 54 ஆனது. நாட்டுச் சராசரி அப்போது 97. ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறுவதையும் சொல்லியாக வேண்டும்: 2019-21 குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை மூலம் நடக்கின்றன. மருத்துவமனைப் பிரசவம் என்ற இலக்கை மட்டும் பார்ப்பவருக்கு நாம் நூற்றுக்கு நூறு.

வாழ்க்கை வசதிகளின் எண்களில் வரையறைதான் சூத்திரதாரி. 2018 ஏப்ரல் 28-இல் மணிப்பூரின் லெய்சாங் கிராமத்தோடு இந்தியாவின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் வந்துவிட்டதாக அறிவித்தார்கள். பத்தில் ஒரு வீட்டுக்கு இணைப்பு இருந்தால் அது மின்வசதி பெற்ற கிராமம் என்பது விதி. 2019 அக்டோபரில் ஊரகம் முழுவதும் திறந்தவெளிக் கழிப்பிலிருந்து விடுபட்டதாக அறிவிப்பு வந்தது. அந்தச் சமயத்தில் தொடங்கிய குடும்ப நல ஆய்வு, 19 சதவீத வீடுகளுக்குக் கழிப்பறையே கிடையாது என்றது.

எல்லாவற்றிலும் சிக்கலானது வறுமைக் கணக்கு. நாளுக்கு ஒரு டாலர் என்ற கோட்டை உலக வங்கி 1990-இல் அறிமுகப்படுத்தியது. ஏழை நாடுகள் தாமே வைத்திருந்த வறுமைக் கோடுகளிலிருந்து எடுத்து, ஒவ்வொரு நாட்டிலும் ஒரு டாலருக்கு எவ்வளவு பொருள் கிடைக்கும் என்ற ஒப்பீட்டு விலைப்படி மாற்றியது அது. விலைக் கணக்கெடுப்பு திருந்தும்போதெல்லாம் உலகத்தின் ஏழைகள் இடம் மாறுவார்கள். 2008-இல் புதிய விலைகள் வந்தபோது, சீனாவிலும் இந்தியாவிலும் பொருள்கள் நினைத்ததைவிட விலை கூடுதல் என்று தெரிந்து, ஏழைகளின் எண்ணிக்கை ஒரே நாளில் சுமார் 40 கோடி கூடியது. அன்று யாரும் புதிதாகப் பட்டினி கிடக்கவில்லை. 2025 ஜூனில் கோடு 2.15 டாலரிலிருந்து 3 டாலருக்கு உயர்ந்தது. 2022-ஆம் ஆண்டின் மிக ஏழைகள் 71.3 கோடியிலிருந்து 83.8 கோடி ஆனார்கள். இந்தியாவின் புதிய செலவினக் கணக்கு அதே சமயம் சேர்க்கப்பட்டிராவிட்டால் இன்னும் பல கோடி கூடியிருக்கும்.

அந்தப் புதிய கணக்குக்கு ஒரு முன்கதை உண்டு. ஒரு குடும்பம் என்ன சாப்பிட்டது என்று கேட்கும்போது, கடந்த முப்பது நாள்களில் என்று கேட்பதா, ஏழு நாள்களில் என்று கேட்பதா? முப்பது நாள் என்றால் மறந்துபோகும். ஏழு நாள் என்றால் கூடுதலாக நினைவு வரும். 1990களின் பிற்பகுதியில் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் இரண்டையும் வெவ்வேறு குடும்பங்களிடம் சோதித்தது. ஏழு நாள் கேள்வி இந்திய ஏழைகளைச் சுமார் பாதியாக்கிவிட்டது! 1999-2000-இல் இரண்டையும் ஒரே படிவத்தில் அடுத்தடுத்த பத்திகளில் கேட்டார்கள். பதில் சொன்னவர்களும் எழுதியவர்களும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சரிசெய்துகொண்டதால் இரண்டும் கெட்டது. ‘மாபெரும் இந்திய வறுமை விவாதம்’ என்று பொருளியலாளர்கள் ஆங்கஸ் டீட்டனும் வேலரி கோசலும் அதைப் பற்றி ஒரு தொகுப்பே வெளியிட்டார்கள். 2017-18 ஆய்வின் முடிவைத் தரம் போதவில்லை என்று அரசு வெளியிடாமல் நிறுத்தியது. 2022-23 ஆய்வு காய்கறி, மீன், முட்டை போன்றவற்றுக்கு ஏழு நாள், துணிமணிக்கு ஓராண்டு என்று காலத்தைப் பிரித்து, ஒரே வீட்டுக்கு மூன்று முறை போய்க் கேட்டது. இந்தியாவில் வறுமை குறைந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. கூலி, குழந்தைகளின் உயரம், வீட்டுச் சுவர் என்று வேறு சான்றுகள் உண்டு. எவ்வளவு குறைந்தது என்று தசமப் புள்ளியோடு சொல்பவரிடம், எத்தனை நாள் நினைவை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பின்னணியில் ஹான்ஸ் ரோஸ்லிங்கை வைத்துப் பார்க்க வேண்டும். 1972-இல் பெங்களூரில் சில காலம் மருத்துவம் படித்தவர், பின்பு மொசாம்பிக்கில் நகாலா மாவட்டத்தில் மருத்துவராக இருந்தவர். 2006-இல் குமிழிகள் மிதக்கும் வரைபடத்தோடு மேடையேறி, பணக்கார உலகம், ஏழை உலகம் என்ற இரட்டைப் பிரிவே காலாவதியாகிவிட்டது என்று காட்டினார். படித்தவர்களிடம் கேட்ட அடிப்படைக் கேள்விகளுக்கு அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட மோசமாகப் பதில் சொன்னதை அம்பலப்படுத்தினார். அவருடைய குமிழிகளில் குழந்தை மரணமும் பிறப்பு விகிதமும் திடமானவை. அவர் வழியில் வந்தவர்கள் 1820 வரை பின்னோக்கி இழுத்த வறுமைக் கோடு அப்படியில்லை என்று மானுடவியலாளர் ஜேசன் ஹிக்கல் 2019-இல் வாதிட்டார். 1980களுக்கு முன் வீட்டுச் செலவின ஆய்வுகள் உலக அளவில் இல்லை. காட்டையும் பொது நிலத்தையும் ஆற்றையும் நம்பி வாழ்ந்தவர் அவற்றை இழந்து கூலிக்குப் போனால், பணக் கணக்கில் அவர் முன்னேறியவர் ஆகிவிடுகிறார் என்றார். ஹிக்கல் இருபதாம் நூற்றாண்டின் இறுதியையும் அதே ஐயத்தில் கரைத்துவிடப் பார்க்கிறார். அதை ஏற்க இயலாது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோட்டைப் பற்றி அவர் சொன்னது சரி. அந்த நூற்றாண்டில் தாதுவருஷப் பஞ்சத்தைக் கண்ட சென்னை மாகாணத்தின் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சில சமயம் எண் வராமல் போவதே செய்தி. சோவியத் ஒன்றியத்தில் 1970களில் சேய் மரணம் ஏறத் தொடங்கியதும் அந்த எண்ணை வெளியிடுவதை நிறுத்தினார்கள். பிரெஞ்சு ஆய்வாளர் எமானுவேல் டாட் 1976-இல் இதையும் ஒரு சான்றாக வைத்து அந்த அரசு சரியும் என்று எழுதினார். நம் காலத்தில் கோவிட். 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் உலகில் 1 கோடியே 49 லட்சம் கூடுதல் மரணங்கள், அதில் இந்தியாவில் 47 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் மதிப்பிட்டது. அரசின் கோவிட் கணக்கு 4.8 லட்சம். பதிவுத் தரவு இருக்கும் நாட்டுக்குச் சமன்பாட்டைப் போடுவதா என்று இந்திய அரசு கண்டித்தது. கண்டனம் நியாயமானதாக இருந்திருக்கும், அந்தத் தரவை வெளியிட்டிருந்தால். சென்னையைச் சேர்ந்த இதழாளர் ருக்மிணி எஸ். போன்றவர்கள் 2021-இலேயே மாநிலப் பதிவேடுகளைத் தேடியெடுத்து வழக்கத்துக்கு மீறிய மரணங்களைக் காட்டினார்கள். அகில இந்தியக் கணக்கு 2025 மே மாதம்தான் வந்தது: 2020-இல் பதிவான மரணங்கள் 81 லட்சம், 2021-இல் 1 கோடியே 2 லட்சம். எஸ்.ஆர்.எஸ். தனியாக ஆயிரத்துக்கு 6.0 இலிருந்து 7.5 ஆக இறப்பு விகிதம் ஏறியதாகச் சொல்கிறது. இந்திய மக்கள்தொகையில் அதுவும் ஏறத்தாழ 20 லட்சம் கூடுதல். ஒன்றையொன்று பார்க்காத இரண்டு கணக்குகள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அந்த ஓராண்டில் அரசு அறிவித்த கோவிட் மரணங்கள் சுமார் 3.3 லட்சம். பதிவு மேம்பட்டதும் மற்ற நோயாளிகளுக்குச் சிகிச்சை கிடைக்காததும் வித்தியாசத்தில் ஒரு பங்கை விளக்கலாம், முழுவதையும் விளக்காது.

கணக்கெடுக்கும் ஏற்பாடுகள் இப்போது மெலிந்துவருகின்றன. டி.எச்.எஸ். ஆய்வுகளுக்கான அமெரிக்க அரசின் பணம் 2025 பிப்ரவரியில் நின்றது. பாதியில் நின்ற சிலவற்றை முடிக்க அறக்கட்டளைப் பணம் கிடைத்தது. அடுத்த சுற்றுக்கு நிலையான ஏற்பாடு இல்லை. வரைபடங்கள் அதனால் நின்றுவிடாது. பழைய புள்ளிகளை வைத்துச் சமன்பாடு கோட்டை நீட்டிக்கொண்டே போகும். தடுப்பூசிக்கும் மலேரியா மருந்துக்கும் பணம் குறையும் இந்த ஆண்டுகளில் குழந்தை மரணம் ஏறுகிறதா என்பதைக் கேட்டறிய ஆள் இருக்காது.

இந்தியாவில் 2021-இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஊரகத்தில் 75 சதவீதத்தினர் வரையும் நகரத்தில் 50 சதவீதத்தினர் வரையும் மானிய தானியம் பெறலாம். எத்தனை பேர் என்பதை இன்றும் 2011 கணக்கே தீர்மானிக்கிறது. அதன்படி 81 கோடி. மக்கள்தொகை அதன் பின் கூடியதைச் சேர்த்தால் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் விடுபட்டிருக்கிறார்கள் என்று பொருளியலாளர்கள் ஜான் டிரீஸ், ரீத்திகா கேரா முதலியோர் 2020-இலேயே கணக்கிட்டார்கள். அனைவருக்கும் அட்டை தரும் தமிழ்நாடு, மத்திய ஒதுக்கீட்டுக்கு மேல் ஆகும் செலவைத் தன் கருவூலத்திலிருந்து கொடுக்கிறது. ஜார்க்கண்டிலும் பிகாரிலும் புதிய அட்டைக்கு விண்ணப்பித்தவருக்கு, ஒதுக்கீடு நிரம்பிவிட்டது என்ற பதிலே கிடைக்கிறது.